சுமந்தாரா, சுமப்பித்தாரா?

மலைகளின் புகைப்படங்கள் அடங்கிய பெரிய புத்தகம் எதையாவது கையில் எடுத்துப் பாருங்கள். முன்னுரையில் ஒரு வாக்கியம் அநேகமாக உங்களுக்காகக் காத்திருக்கும்: 'இன்னார், இத்தனை பவுண்டு எடையுள்ள காமிராவை இத்தனை ஆயிரம் அடி உயரத்துக்குச் சுமந்து சென்று இந்த அற்புதங்களை நமக்கு அளித்தார்.' படிக்கிறவர் 'அடேயப்பா!' என்கிறார், பக்கத்தைப் புரட்டுகிறார். நான் அந்த இடத்தில் பக்கத்தைப் புரட்ட மறுக்கிறேன். 'அற்புதம்' என்ற சொல்லோடு எனக்கு வழக்கு ஒன்றும் இல்லை. 'சுமந்து' என்ற சொல்லோடுதான் வழக்கு.

பள்ளிக்கூடத்தில் நம் எல்லோருக்கும் தன்வினை, பிறவினை என்று தமிழ் வாத்தியார் சொல்லிக் கொடுத்தார். உண்டான் என்பது தன்வினை. உண்பித்தான் என்பது பிறவினை. இரண்டு மார்க்குக்காகப் படித்தோம், பரீட்சை முடிந்ததும் மறந்தோம். ஆனால் செய்தவன் யார், செய்ய வைத்தவன் யார் என்பதை மறைக்காமல் சொல்வதற்காகத்தான் நம் மொழி அந்த வித்தியாசத்தை இரண்டு எழுத்துக்குள் அடக்கி வைத்திருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டில் ராஜராஜ சோழன் என்ன சொல்லிக்கொள்கிறான்? 'நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி' என்கிறான். 'எடுத்த' என்று சொல்லவில்லை. கல்லை ஏற்றியவன் தான் அல்ல, ஏற்றுவித்தவன்தான் என்று ஒரு சக்கரவர்த்தி கல்லிலேயே வெட்டி வைத்துவிட்டுப் போனான். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய அந்த இலக்கண நேர்மை, இன்றைக்கு வழவழப்பான காகிதத்தில் முன்னுரை எழுதுகிற கனவான்களுக்கு ஏன் இல்லை?

சொல் விவகாரம்தானே, இதற்கு ஒரு கட்டுரையா என்று வாசகர்கள் கேட்கலாம். சொல்லுக்குப் பின்னால் ஒரு முதுகு இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில், சுமை எது என்று பார்த்துவிடுவோம். பழைய ஸ்டூடியோக்களில் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு படம் எடுப்பார்களே, அந்தக் காமிராவின் வம்சம் அழிந்துவிடவில்லை. நாலுக்கு ஐந்து அங்குலம், எட்டுக்குப் பத்து அங்குலம் என்ற அளவில் பிலிம் தகடுகளைப் போட்டு எடுக்கிற பெரிய காமிராக்களைச் செய்கிறவர்களும் வாங்குகிறவர்களும் இன்றும் இருக்கிறார்கள். முன்னால் ஒரு பலகையில் லென்ஸ். பின்னால் பால் படர்ந்தது போல மங்கலாக இருக்கும் கிரவுண்ட் கிளாஸ். இரண்டுக்கும் நடுவில் ஆர்மோனியத்தின் துருத்தியைப் போல நீண்டு சுருங்குகிற ஒரு மடிப்பு. கண்ணாடியில் உலகம் தலைகீழாக விழும். அதைப் பார்த்துப் பார்த்துச் சீர்செய்து, கண்ணாடி இருந்த இடத்தில் பிலிம் ஹோல்டரைச் செருகி, ஒரே ஒரு படம் எடுப்பார்கள்.

சட்டைப் பையில் கைத்தொலைபேசி இருக்கும்போது இந்தக் கட்டுமானம் எதற்கு என்று சிரிப்பவர்களுக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லிவிடலாம். எட்டுக்குப் பத்து அங்குலப் பிலிமின் பரப்பு எண்பது சதுர அங்குலம். சாதாரணப் பிலிம் சுருளில் விழுகிற ஒரு படத்தின் பரப்பு ஒன்றரைச் சதுர அங்குலம்கூடக் கிடையாது. காமிராவைச் சாய்க்காமலே லென்ஸை மட்டும் மேலே தூக்கினால், கோபுரம் பின்னால் சாயாமல் நேராக நிற்கும். லென்ஸை முன்னால் சற்றுச் சாய்த்தால், காலடிக் கூழாங்கல்லும் தூரத்துச் சிகரமும் ஒரே கூர்மையில் விழும். வேண்டும் என்கிறவர் சுமக்கட்டும். வேண்டாம் என்கிறவர் விடட்டும். சிரிக்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. சுமக்காமலே சுமந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்களோடுதான் சண்டை.

இந்தப் பெட்டியை மலைக்கு எடுத்துப்போவது ஒரு தனி வித்தை. உடையக்கூடியது எது, வளையக்கூடியது எது, நசுங்கக்கூடியது எது என்று ஒவ்வொன்றையும் அறிந்தவன்தான் மூட்டை கட்ட முடியும். லென்ஸைக் கழற்றித் தனியே சுற்ற வேண்டும். துருத்தியை முழுக்க மடக்கி, காமிராவை ஒரு புத்தகத்தைப் போல மூட வேண்டும். கிரவுண்ட் கிளாஸ்தான் முதலில் உயிரை விடுகிற உறுப்பு. அதன் மேல் ஒரு அட்டையாவது பலகையாவது வைத்துக் கட்டாமல் பையில் போடுகிறவன், மேலே போய்ச் சேரும்போது சில்லுகளைத்தான் வெளியே எடுப்பான். பிலிம் ஹோல்டர்களுக்குத் தூசிதான் சத்துரு. ஒரு மணல் துகள் உள்ளே போனால் படத்தின் ஆகாயத்தில் அது கறுப்புப் புள்ளியாகக் காலமெல்லாம் நிற்கும். ஆகையால் ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் உறையில் இட்டு மூடி, நிறுத்தி அடுக்க வேண்டும். மழை பெய்தால் பைக்கு மேலே ஒரு உறை. குளிரிலிருந்து சூடான அறைக்குள் நுழைந்தவுடன் பையைத் திறந்தால் லென்ஸ் வியர்த்துவிடும். அறையின் சூடு பைக்குள் போகும்வரை பொறுத்திருக்க வேண்டும். ஈரமான துருத்தியை மடித்து வைத்தால் பூஞ்சைக் காளான் பூக்கும்.

இவ்வளவும் காமிராவின் சௌக்கியம். தூக்குகிறவனின் சௌக்கியம் என்று ஒன்று இருக்கிறது. கனமான சாமான் முதுகை ஒட்டி இருக்க வேண்டும்; முதுகைவிட்டு ஒரு சாண் தள்ளிப்போனால் அதே எடை ஆளைப் பின்னுக்கு இழுக்கும். பையின் பாரம் தோளில் தொங்கக் கூடாது. இடுப்பில் கட்டுகிற அகலமான பட்டை அதில் பெரும்பகுதியை வாங்கி இடுப்பு எலும்பில் உட்கார்த்த வேண்டும். முக்காலியை ஒரு பக்கமாகக் கட்டினால் நடை கோணும். நடுவில் கட்ட வேண்டும். அப்புறம் பஞ்சும் ரப்பரும் வைத்துத் தைத்த தடுப்புகள். காமிராவுக்கு மெத்தை போடப் போட, மெத்தையே ஒரு சுமையாகிவிடும். தானே தூக்குகிறவன் இதை முதல் மைல்கல்லிலேயே கண்டுகொள்வான். எப்படியும் கொண்டுபோயாக வேண்டிய கறுப்புத் துணியிலேயே காமிராவைச் சுற்றுவான். மாற்றுச் சட்டைக்குள் லென்ஸைப் படுக்கவைப்பான். ஒரு சாமான் இன்னொரு சாமானுக்கு மெத்தையாகும்படி கட்டுவான். பிறர் முதுகில் ஏற்றுகிறவனுக்கு இந்தக் கணக்கு வேண்டியதில்லை. அவன் மெத்தைக்கு மேல் மெத்தை வாங்குவான். அவன் கட்டுகிற மூட்டையில் கண்ணாடி பத்திரமாக இருக்கும். மனிதன் பத்திரமாக இருக்கமாட்டான்.

இதைக் கலை சம்பந்தப்படாத கூலிக்காரப் பேச்சு என்று ஒதுக்குகிற விமரிசகர்கள் உண்டு. அவர்களுக்காகச் சரித்திரத்திலிருந்து நாலு பேரைக் கூப்பிடுகிறேன்.

முதலாமவர் சாமுவேல் போர்ன். 1863-ல் இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயர். சிம்லாவிலும் கல்கத்தாவிலும் பெயர் பெற்ற 'போர்ன் அண்ட் ஷெப்பர்ட்' கம்பெனியின் போர்ன். 1863, 1864, 1866 ஆகிய ஆண்டுகளில் மூன்று தடவை இமயமலைப் பிரயாணம் செய்தார். 1866-ல் பதினெண்ணாயிரம் அடிக்கும் மேலே மணிரங் கணவாயில் படம் எடுத்தார். அந்தக் காலத்து முறையில், கண்ணாடித் தட்டில் ரசாயனத்தை ஊற்றி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, ஈரம் காய்வதற்குள் கழுவியும் ஆக வேண்டும். ஆகவே காமிராவோடு இருட்டுக் கூடாரம், மருந்துப் புட்டிகள், பெட்டி பெட்டியாகக் கண்ணாடி எல்லாம் மேலே போயின. போர்ன் முதுகில் போகவில்லை. டஜன் கணக்கான மலைவாசிக் கூலிகளின் முதுகில் போயின. சுமையைப் போட்டுவிட்டு ஓடி ஒளிந்தவர்களைத் தடியோடு தேடிப்போய் அடித்ததையும் அவரே லண்டன் பத்திரிகைக்கு எழுதினார். வெட்கப்பட்டு எழுதவில்லை, பிரயாணத்தின் சுவாரசியங்களில் ஒன்றாக எழுதினார்.

'அது அந்தக் காலம்' என்பார்கள். அந்தக் காலத்திலும் அடிபட்டவனுக்கு வலித்திருக்கும். இமயமலை ஜில்லாக்களில் துரைமார்களின் மூட்டையைத் தூக்கக் கிராமத்து ஆட்களைக் கட்டாயமாகப் பிடித்துப் போகும் வழக்கத்துக்குப் 'பேகார்' என்று பெயர். 1921 ஜனவரியில் குமாவூன் மலைநாட்டுப் பாகேசுவரத்தில் ஜனங்கள் கூடி, அந்தக் கூலிப் பதிவேடுகளைச் சரயு நதியில் தூக்கி எறிந்தார்கள். யார் யார் சுமக்க வேண்டும் என்று பெயர் எழுதி வைத்திருந்த பதிவேடுகள் அவை. சுமக்க வைப்பதற்கு மட்டும் பெயர் வேண்டியிருந்தது. புத்தகத்தில் போடுவதற்கு வேண்டியிருக்கவில்லை!

இரண்டாமவர் நம் பக்கத்துக்கே வந்தவர். லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி, சென்னை ராஜதானியின் சர்க்கார் புகைப்படக்காரராக 1857 கடைசியிலும் 1858-லும் ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். அவர் கண்ணாடியை நம்பாமல் மெழுகு ஊட்டிய காகிதத்தை நெகடிவாக உபயோகித்தார். காகிதம் உடையாது, நம் ஊர் வெயிலுக்கும் அது வசதி. சாமான்கள் மாட்டு வண்டிகளில் போயின. தஞ்சைக் கோயில் அடித்தளத்துக் கல்வெட்டுகளை இருபத்தொரு படங்களாக எடுத்து ஒட்டி, பத்தொன்பது அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். ராஜராஜன் 'எடுப்பிச்ச' அந்தக் கோயில்தான். ஆனால் வண்டி ஓட்டியவர்கள் யார், வெயிலில் பெட்டியை இறக்கி ஏற்றியவர்கள் யார் என்று கேட்டால், பத்தொன்பது அடியில் ஒரு அங்குலம்கூட அவர்களுக்கு இல்லை.

மூன்றாமவரிடம் எனக்கு மரியாதை அதிகம். இத்தாலியில் பியெல்லா ஊரைச் சேர்ந்த விட்டோரியோ செல்லா, 1859-ல் பிறந்து 1943-ல் மறைந்தவர். 1899-ல் கஞ்சன்ஜங்காவைச் சுற்றி வந்த கோஷ்டியிலும், 1909-ல் அப்ருஸ்ஸி கோமகன் காரகோரம் மலைக்கு நடத்திய யாத்திரையிலும் அவர்தான் புகைப்படக்காரர். முப்பதுக்கு நாற்பது சென்டிமீட்டர் கண்ணாடித் தட்டுகளிலும் அவர் படம் எடுத்தார். இரண்டு மில்லிமீட்டர் கனம் என்று வைத்துக்கொண்டால்கூட, அப்படிப்பட்ட தட்டு ஒன்று அறுநூறு கிராம் வரும். பத்துத் தட்டு ஆறு கிலோ. அது வெறும் கண்ணாடியின் கணக்கு. பெட்டி வேறு, காமிரா வேறு. இவற்றை உடையாமல் கொண்டுபோக, மிருகங்களின் முதுகில் வைக்கும் சேணத்தையும் மனிதர் மாட்டும் முதுகுப் பையையும் செல்லா தாமே மாற்றி அமைத்தார். கலைஞன் ஒருவன் உட்கார்ந்து, ஒரு முதுகின் வடிவத்தை யோசித்திருக்கிறான்! எர்மீனியோ போட்டா என்று ஓர் உதவியாளர் பல யாத்திரைகளில் அவரோடு போனார். 1897-ல் அலாஸ்காவின் செயிண்ட் எலியாஸ் சிகரத்துக்குப் போன கோஷ்டியில் சுமை தூக்குகிறவராகவே அவர் பெயர் இருக்கிறது. ஆக, சுமந்தவன் பெயரை எழுதினால் புத்தகத்தின் கௌரவம் குறைந்துவிடாது என்பதற்கு அத்தாட்சியும் உண்டு. ஆனால் 1909-ல் பால்டோரோ பனியாற்றின் மேல் மூட்டை தூக்கிய நூற்றுக்கணக்கான பால்டிக் கூலிகளுக்கு அந்தக் கௌரவம் கிடைக்கவில்லை. படங்களில் அவர்கள் சிற்றெறும்பு வரிசையாகத் தெரிவார்கள். பனிமலை எவ்வளவு பெரிது என்று காட்ட, அளவுகோலாக உபயோகப்பட்டார்கள்.

நாலாமவர் அமெரிக்கரான ஆன்சல் ஆடம்ஸ். 1927 ஏப்ரலில், இருபத்தைந்து வயதில், கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் 'டைவிங் போர்டு' என்ற பாறை விளிம்புக்கு ஏறினார். பள்ளத்தாக்கின் தரையிலிருந்து மூவாயிரம் அடிக்கும் மேலே உள்ள இடம். கீழே பனி, பாதை என்று ஒன்றும் கிடையாது. அடுத்த ஆண்டு அவரை மணந்துகொண்ட வர்ஜீனியா பெஸ்டும் மூன்று நண்பர்களும் கூட வந்தார்கள். ஆறரைக்கு எட்டரை அங்குலக் காமிரா, லென்ஸுகள், வடிகட்டிகள், பன்னிரண்டு கண்ணாடித் தட்டுகள் என்று நாற்பது பவுண்டு மூட்டை அவர் முதுகில். வழியில் எடுத்ததும் வீணானதும் போக, உச்சியில் மிஞ்சியவை இரண்டே தட்டுகள். எதிரே ஹாஃப் டோம் என்ற பிரம்மாண்டமான பாறை முகம். ஒரு தட்டை மஞ்சள் வடிகட்டி போட்டு எடுத்தார். எடுத்தவுடனே, தம் மனசில் இருக்கும் ஆகாயம் அதில் விழாது என்று தோன்றிவிட்டது. கடைசித் தட்டுக்கு அடர்சிவப்பு வடிகட்டியைப் போட்டார். ஆகாயம் கிட்டத்தட்டக் கறுப்பாகி, பாறை தனியே எழுந்து நின்றது. அவர் பெயரை நிலைநாட்டிய முதல் படங்களில் அது ஒன்று.

அந்தக் கடைசித் தட்டைப் பற்றி வாசகர்கள் சற்று யோசிக்க வேண்டும். பின்னால் பத்துக் கூலிகள் நூறு தட்டுகளோடு நின்றிருந்தால், ஆடம்ஸ் மஞ்சளில் பத்து, சிவப்பில் பத்து என்று எடுத்துத் தள்ளியிருக்கலாம். எது வேண்டும் என்று எடுப்பதற்கு முன்பே மனசில் தீர்மானிக்கும் கட்டாயம் இருந்திருக்காது. தூக்க முடிந்தது பன்னிரண்டு, மிஞ்சியது ஒன்று. அந்த நெருக்கடியில்தான் கண் திறந்தது. சுமை என்பது கலைக்கு வெளியே நிற்கிற கூலிக்காரச் சங்கதி என்கிற விமரிசகர்களுக்கு இதைவிட வேறு பதில் எனக்குத் தெரியவில்லை. கலைஞன் எத்தனை தடவை தவறலாம் என்பதை அவன் முதுகு முடிவு செய்கிறது.

அப்படியானால், கூலி வைத்து எடுத்த போர்னின் படங்களும் செல்லாவின் படங்களும் மட்டமா என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். மட்டம் அல்ல. செல்லாவின் சிகரங்களுக்கு முன்னால் ஆடம்ஸே தொப்பியைக் கழற்றியிருக்கிறார். முப்பது சென்டிமீட்டர்க் கண்ணாடியை ஒரு மனிதன் தனியாக இமயத்துக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்பதும் உண்மை. எல்லோரும் தன் மூட்டையைத் தானே தூக்கித்தான் தீர வேண்டும் என்ற விரதத்தை நான் உபதேசிக்கவில்லை. வயதானவர் இருக்கிறார், இடுப்புப் பிடித்தவர் இருக்கிறார். மூட்டை தூக்கிப் பிழைக்கிற மலை ஜனங்களுக்கு அந்தக் கூலி வேண்டியும் இருக்கிறது. நான் கேட்பது வேறு. தூக்கினால் 'தூக்கினேன்' என்று சொல். தூக்குவித்தால் 'தூக்குவித்தேன்' என்று சொல். தூக்கியவன் பெயரையும் சொல்.

இது பழங்கதை அல்ல. சில வருஷங்களுக்கு முன் பழனி மலைத்தொடரின் ஒரு மேட்டுப் பாதையில் நான் பார்த்தது இது. பெரிய காமிரா வைத்திருந்த கனவான் ஒருவர் கையை வீசிக்கொண்டு முன்னால் போனார். அவருடைய பையை அந்தப் பக்கத்து ஆள் ஒருவர் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்; வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். உயர்ந்த ரகப் பைதான்; உள்ளே ஒவ்வொரு லென்ஸுக்கும் தனித்தனி மெத்தை. இடுப்புப் பட்டையை மாத்திரம் யாரும் அவருக்குக் கட்டிவிடவில்லை. அது இரண்டு பக்கமும் தொங்கிக்கொண்டு வந்தது. முழுப் பாரமும் தோளில். ஒரு திருப்பத்தில் அவர் மூச்சு வாங்கிப் பையை இறக்கப் போனார்.

"ஏய், கீழே வைக்காதே! உள்ளே கிளாஸ் இருக்கு!" என்று மேலேயிருந்து சத்தம் வந்தது.

"இல்லீங்க சார், கொஞ்சம் மாத்திப் போட்டுக்கிறேன்" என்றார் அவர், இறக்காமலே நின்றார்.

நான் போய் அந்தப் பட்டையைக் காட்டி, "இதை இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள், அண்ணே" என்றேன். "இது எதுக்குன்னு தெரியலீங்களே" என்று சிரித்தார். பையின் சொந்தக்காரருக்குத் தெரியாமலா இருக்கும்? விலை கொடுத்து வாங்கியவர் அவர்தானே! கண்ணாடிக்கு வலிக்காமல் இருக்க எத்தனை அடுக்கு மெத்தை வேண்டும் என்று கடையில் நின்று விசாரித்திருப்பார். கூலிக்காரர் தோளுக்கு என்ன வேண்டும் என்று விசாரிக்க அவருக்குத் தோன்றவில்லை. அந்த மலைப் படங்களை அவர் எங்கேயாவது மாட்டி வைத்தால், பக்கத்தில் எழுதப் போகிற வாக்கியம் நமக்குத் தெரிந்ததுதான்.

நம் படித்த வர்க்கத்துக்கே இந்த வியாதி உண்டு. வீடு 'கட்டினேன்' என்போம். கிணறு 'வெட்டினேன்' என்போம். கொத்தனாரின் பெயர் கிரகப்பிரவேசம் முடிந்த மறுநாள் மறந்துபோகும். பேச்சு வழக்கில் அது சகஜம், யாரையும் அது ஏமாற்றாது என்று வாதிக்கலாம். வீட்டு விஷயத்தில் ஏமாற்றாதுதான். உத்தியோகஸ்தர் மண்வெட்டி பிடித்திருக்கமாட்டார் என்று கேட்கிறவனுக்குத் தெரியும். மலைப் படத்தில் அப்படி இல்லை. அங்கே 'சுமந்து' என்ற சொல்லே புகழ்ச்சியின் அஸ்திவாரம். படிக்கிறவன் அந்தக் கஷ்டத்துக்காகத்தான் 'அடேயப்பா' என்கிறான். ஒருவன் பட்ட கஷ்டத்துக்கு இன்னொருவன் 'அடேயப்பா' வாங்கிக்கொள்வதற்குத் தமிழில் வேறு பெயர் இருக்கிறது. மரியாதையை உத்தேசித்து இங்கே எழுதவில்லை.

ஆகவே புத்தகம் போடுகிறவர்களுக்கும் கண்காட்சி நடத்துகிறவர்களுக்கும் இரண்டு விஷயங்களைச் சொல்லி முடிக்கிறேன். ஒன்று: படத்துக்குக் கீழே எந்த லென்ஸ், எந்தப் பிலிம், எத்தனை விநாடி என்று அச்சடிக்க உங்களுக்கு இடம் இருக்கிறது. அதே வரியில் மூட்டையைத் தூக்கியவர் பெயருக்கும் இடம் இருக்கும். பெயர் தெரியாது என்றால், கேட்டுத் தெரிந்துகொள்ள மலையேறி இறங்குகிற நேரம் முழுவதும் உங்களுக்கு இருந்தது. இரண்டு: மூட்டையைப் பிறர் முதுகில் ஏற்றுவதற்கு முன்னால், அதை உங்கள் முதுகில் மாட்டிக்கொண்டு அரை மைல் மேட்டில் ஏறிப் பாருங்கள். எதை எடுத்துப் போகலாம், எதை வீட்டிலேயே விடலாம், பட்டையை எங்கே கட்ட வேண்டும் என்று எந்தக் கடைக்காரரும் சொல்லாததை அந்த அரை மைல் சொல்லிக் கொடுக்கும். அப்புறம் முன்னுரையில் 'சுமந்து' என்று எழுதுவதா, 'சுமப்பித்து' என்று எழுதுவதா என்ற சந்தேகமும் உங்களுக்கு வராது.